பிடியரிசியும் பிள்ளைகளின் நலமும்

பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஆசிரியனது வரலாறு, பாடஞ்சொல்லலினது வரலாறு, மாணாக்கனது வரலாறு, பாடங்கேட்டலின் வரலாறு என்பனவற்றை முறைப்பட வகுத்துரைத்தார். ஆசிரியனுக்கு நிலமும் மலையும் நிறைகோலும் மலரும் உவமையாயின. மாணாக்கனுக்கு அன்னம் முதல் நெய்யரி ஈறாக எட்டுப் பொருள்கள் உவமையாயின. பெற்றோரது வரலாறு என்று ஒரு பகுதி அந்நூலில் இல்லை. அதனைக் கூறவேண்டிய இடமும் அஃதன்று. எனினும், கோவிற்பட்டியைச் சூழ்ந்த இக்கரிசற் சீமையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்துவரும் நாம் கண்டறிந்தது ஒன்றுண்டு. பாடசாலைக்கும் வீட்டிற்கும் இடையே உள்ள வழி தூர்ந்துபோமாயின், ஆசிரியன் நிலம்போற் பொறுமையுடையனாயினும் மாணாக்கன் அன்னம்போல் அறிவுடையனாயினும் கல்வி நிலைபெறாது. நம் முன்னோர் இவ்வுண்மையை நன்குணர்ந்திருந்தனர் என்பதை நம் மரபின் கல்வி வரலாற்றிலிருந்தே எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தை நோக்குவோம். அங்கே அரசாங்கமும் இல்லை, மானியமும் இல்லை. உபாத்தியாயரை ஊரார் தவசமும் காய்கறியும் கொடுத்துக் காப்பாற்றினர். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தான், சட்டாம்பிள்ளை மேற்பார்த்தான். 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரிலிருந்த ஆண் அநாதப் பிள்ளைகளின் சாலைக்குத் தலைவராய் வந்த ஆந்திரு பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு தம் சாலையிலும் அதனைக் கைக்கொண்டார். பிள்ளையைக் கொண்டே பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே அமைத்தார். 1797இல் அதுபற்றி இலண்டனில் நூலும் வெளியிட்டார். அம்முறை சென்னைமுறை என்னும் பெயரோடு இங்கிலாந்தெங்கும் பரவிற்று. மாணாக்கரையும் பள்ளியின் வேலையிற் பங்காளராக்குவது புதுவதாக வந்த கொள்கையன்று என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் பழமையெல்லாம் நன்மையென்று நாம் கூறமாட்டோம். பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தந்தை, "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று உபாத்தியாயரிடம் சொல்லிப் போவது வழக்கமாயிருந்தது. கோதண்டமும் பிரம்பும் அக்காலப் பள்ளியின் அணிகலன்கள். பெண்பிள்ளைகளுக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை. தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்கோ திண்ணையை அணுகவும் உரிமையில்லை. நம் மரபினரும் பல ஊர்களில் அவ்விழிவை அநுபவித்தவர்களே.

அவ்விழிவினின்றும் எழுந்த முயற்சியே இனிக் கூறப்புகுவது. விருதுபட்டி, சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி என்னும் ஊர்களிற் பேட்டைகள் அமைத்து வாணிகம் செய்த நம்மவர், உறவின்முறை என்னும் சபையை வகுத்து, விற்கும் சரக்கின்மேல் மகமை எடுத்துப் பொதுநிதி சேர்த்தனர். அந்நிதி கோயிலுக்கும் கிணற்றுக்கும் சத்திரத்திற்கும் பயன்பட்டது; பின்னர்க் கல்விக்கும் பயன்பட்டது. விருதுபட்டியில் 1880களில் எழுந்த க்ஷத்திரிய வித்தியாசாலை அவ்வகையிற் பிறந்ததே. நம்மவர் நிதியால் நடந்த அப்பள்ளி எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தது என்பதை நாம் பெருமையோடு நினைத்தல் தகும்.

மகமை ஆடவர் கொடுத்தது, கடையிலிருந்து வந்தது. அதனோடு மற்றொன்றும் சேர்ந்தது. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவது இல்லத்துத் தாயின் கடமையாக்கப்பட்டது. வீடுதோறும் அங்ஙனம் சேர்ந்த அரிசி திரட்டப்பட்டுப் பள்ளிச் செலவிற்கு உதவிற்று. இதுவே பிடியரிசித் திட்டம். கம்பும் சோளமுமே விளையும் கரிசற் சீமையில் அரிசி எத்துணை அருமையுடையது என்பதை நம் பாட்டிமார் அறிவர். அவ்வரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து வைத்த தாய், நாடோறும் அடுப்படியில் நின்று பள்ளிக்கூடத்தை ஒருமுறை நினைத்தாள். தன் பிள்ளை அன்று பள்ளிக்குச் சென்றானா என்று கேட்கும் உரிமையும் அவளுக்கு உண்டாயிற்று. மகமையாற் பள்ளிக்குப் பொருள் கிடைத்தது. பிடியரிசியாற் பள்ளிக்கு வீடு கிடைத்தது என்று நாம் கருதுகிறோம்.

1910ஆம் ஆண்டிற் பொறையாற்றில் நாடார் மகாஜன சங்கம் தோன்றியபின், சிற்றூர்களிற் பள்ளிகள் தொடங்குவதும் ஏழை மாணாக்கருக்குக் கல்விக்கடன் உதவுவதும் விரிந்த அளவில் நடைபெற்றன. அவற்றை இங்கே விரித்தல் வேண்டா. நம் சங்கத்தார் அறிந்தவையே.

எனினும், பிடியரிசியும் எல்லாவற்றையும் செய்துவிடவில்லை. அதற்குச் சான்று காமராஜரே. 1903ஆம் ஆண்டு பிறந்து, அவ்வித்தியாசாலையிற் பயின்ற அப்பெருந்தகையார், இளமையில் தந்தையை இழந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கடைக்குச் சென்றார். பள்ளி அருகிலிருந்தது, ஊரார் ஆதரவும் இருந்தது. வீட்டில் நேர்ந்த இடருக்கோ பள்ளியில் மருந்தில்லை. ஒரு பிள்ளையின் நலம் அவன் வீட்டு நலத்தோடு பிணைந்தது என்பதற்கு இதனினும் வேறு எடுத்துக்காட்டு வேண்டுமோ?

1953ஆம் ஆண்டில் முதலமைச்சர் இராஜகோபாலாச்சாரியார், கிராமப் பள்ளிகளிற் பாடநேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதிற் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கலாமென ஒரு திட்டம் வகுத்தார். வீட்டையும் பள்ளியையும் இணைப்பதாக அது தோன்றினும், பனையேறியின் மகன் பனையடியிலும் சலவைத்தொழிலாளியின் மகன் துறையிலும் நிற்பதற்கே அது வழிவகுக்கும் என்று கண்டோர் அதனைக் குலக்கல்வித் திட்டமென எதிர்த்தனர். 1954இற் காமராஜர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. வீட்டின் துணை வேண்டுமென்பது வேறு. பிள்ளையை வீட்டின் நிலைக்கே கட்டிவைப்பது வேறு. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

அதன்பின் 1956ஆம் ஆண்டில், நம் கோவிற்பட்டிக்கு அணித்தான எட்டயபுரத்தில், பாரதியார் பிறந்த அவ்வூரில், காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தொடக்கத்தில் அத்திட்டம் ஊராரின் கொடையையே பெரிதும் நம்பி நின்றது; அரசாங்கம் ஒரு பங்கும் ஊரார் ஒரு பங்கும் ஏற்றனர். கல்வித்துறைத் தலைவர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் நிலமும் கட்டிடமும் பலகையும் மணியும் தத்தம் ஊர்ப் பள்ளிக்கு ஈந்தனர். விருதுபட்டிப் பிடியரிசி தமிழ்நாடெங்கும் பரவியது போன்றதே அக்காலம்.

இனி, நம் பெருமையோடு நம் குறையையும் கூறுதல் ஆசிரியர்க்குக் கடமையாம். 1920களின் தொடக்கத்திற் கல்கத்தா சென்று தொழில் கற்று வந்த சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிய தீப்பெட்டித் தொழில், சிவகாசி, சாத்தூர், கோவிற்பட்டி என இவ்வறண்ட நிலமெங்கும் பரவி, மழை பொய்த்த காலத்தும் ஏழைகளுக்குக் கூலி தந்தது. அது மறுக்கவொண்ணா உபகாரம். ஆனால் கட்டை அடுக்குவதற்கும் பெட்டி ஒட்டுவதற்கும் சிறு விரல்களே ஏற்றவை என்று கண்டு, பல்லாண்டு பள்ளிப் பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீசுகள் கொண்டுபோயின. விடியுமுன் கிராமத்திற்கு வண்டி வரும். பள்ளி மணி அடிக்கும்போது பிள்ளை கட்டையின் முன்னிருக்கும். பள்ளிக்குக் கொடை கொடுத்த கையும் பிள்ளையை வேலைக்கெடுத்த கையும் சில இடங்களில் ஒன்றாயிருந்தன என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்வோமாக.

1986ஆம் ஆண்டிற் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. 1996 டிசம்பர் 10இல், சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றி எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அபாயத் தொழிலில் அமர்த்தப்பட்ட பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் முதலாளி செலுத்தவேண்டும். அப்பிள்ளையின் குடும்பத்தில் வயதுவந்தோர் ஒருவருக்கு வேலை தர அரசாங்கம் முயலவேண்டும், இயலாதாயின் 5,000 ரூபாய் நிதியிற் சேர்க்கவேண்டும் என்பது அத்தீர்ப்பு. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவேண்டுமாயின் வீட்டிற்குக் கூலி வேண்டும் என்பதை நீதிமன்றமும் உணர்ந்தது காண்க.

இக்காலத்து நிலை யாது? 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் பிரம்படியை விலக்கிற்று. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதியினர் மகளிராகவும் இருத்தல் வேண்டுமென விதித்தது. உதவிபெறும் பள்ளிகளில் அக்குழு யோசனை கூறும் சபையாக நிற்கும். 2022 செப்டம்பர் 15இல் மதுரையிற் காலையுணவுத் திட்டமும் தொடங்கப்பெற்றது. சோறுண்டு, சட்டமுண்டு, கட்டிடமுண்டு. வீட்டார் மட்டும் வருவதில்லை.

ஏன் வருவதில்லை? நாம் அறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். நம் வகுப்பில் ஒரு சிறுமி நாடோறும் முதற்பாடத்தில் உறங்கினாள். கடிந்தும் பயனில்லை. பெற்றோர் கூட்டத்திற்கு மும்முறை ஓலை விடுத்தும் தாய் வந்திலள். அக்கறையற்றவள் என்று நாமும் எண்ணினோம்; அவ்வெண்ணம் இன்றும் நம்மை உறுத்துகிறது. ஒருநாள் வீட்டிற்குச் சென்றபோதுதான், தந்தை திருப்பூரிலும் தாய் தீப்பெட்டி ஆபீசிலும் இருக்க, இரவெல்லாம் நோயுற்ற பாட்டியைப் பார்த்துக்கொள்பவள் அச்சிறுமியே என்பது தெரிந்தது. கூட்டமோ வேலைநாளிற் பகல் பதினொரு மணிக்கு வைக்கப்பட்டது. வந்தால் ஒருநாட் கூலி போம். "ஐயா, கூப்பிட்ட நேரந்தான் எனக்கு ஒத்துவரவில்லை, பிள்ளைமேல் ஆசை இல்லாமலில்லை" என்றாள் அத்தாய். நாம் தலைகுனிந்தோம்.

பின்னர், ஞாயிற்றுக்கிழமை மாலையில், தெருவிலுள்ள மடத்திலேயே கூட்டம் வைத்தோம். அவளும் வந்தாள், அவள் போன்றார் பலரும் வந்தனர். பக்கத்து வீட்டார் இருவர் பாட்டிக்கு முறைவைத்து இரவிற்றுணை இருக்க இசைந்தனர். மேல்வகுப்பு மாணவியர் இருவர் விடுபட்ட பாடங்களைச் சொல்லிக் கொடுத்தனர். செலவு ஒரு காசுமில்லை. அச்சிறுமி இப்போது முதற்பாடத்தில் விழித்திருக்கிறாள்.

ஆதலின் நம் சங்கத்தாரை வேண்டிக்கொள்வன மூன்று. நம் மகமைப் பள்ளிகளிற் பெற்றோர் கூட்டம் உழைப்பாளர்க்கு ஓய்வுள்ள பொழுதில், அவர் வாழும் தெருவில் நடத்தல் வேண்டும். தொழிற்சாலை நடத்தும் நம்மவர், மாதம் ஒருமுறை பள்ளிக்குச் செல்லும் தாய்க்குக் கூலி குறையாமல் அரைநாள் விடுப்பு அளித்தல் வேண்டும். உறவின்முறைக் கூட்டத்தில் வரவுசெலவு படிப்பதுபோல, இம்மாதம் பள்ளிக்கு வாராத பிள்ளைகள் எத்தனைபேர், ஏன் வந்திலர் என்பதையும், பெயர் கூறி எவரையும் நாணுறுத்தாமல், கேட்டறிதல் வேண்டும். எச்சாதிப் பிள்ளையாயினும் நம் பள்ளியிற் பயிலும் பிள்ளை நம் பிள்ளையே என்னும் பழைய நெறி இதிலும் நிற்க.

நம் பாட்டிமார் கலயத்தில் இட்ட பிடியரிசி, பள்ளியை அவர்கள் தம்முடையதென்று எண்ணியதற்கு அறிகுறி. அவ்வெண்ணம் நம் வீடுகளில் மீண்டும் தழைக்குமாயின், கரிசல் மண்ணில் மழை பொய்த்தாலும் கல்விப்பயிர் பொய்யாது. அதற்கு எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.