நள்ளிரவில் திரும்பிய விமானம்

போன வாரம் போலந்துக் கட்டடக் கலைஞர் மாச்சேய் நோவிட்ஸ்கியைக் கெய்ரோவில் விட்டுவிட்டு நழுவிவிட்டேன். திட்டியிருப்பீர்கள். வாருங்கள், ஏறுவோம்.

1950 ஆகஸ்ட் 31. பம்பாயிலிருந்து வந்த டி.டபிள்யூ.ஏ. விமானம், ரோம் வழியாக நியூயார்க் போக வேண்டும். எகிப்தின் திரை நட்சத்திரம் காமிலியாவும் அதில் பயணி. நம் ஆள் நோவிட்ஸ்கிக்கு வயது நாற்பது.

தன் வார்சா நகரம் செங்கல் குவியலாகக் கிடந்ததைப் பார்த்தவர். அதை மீண்டும் எழுப்பத் திட்டம் போட்டவர். ஐ.நா. தலைமையகப் பணிக்காகப் போலந்தின் சார்பில் அமெரிக்கா போனார். ஊரில் கம்யூனிஸ்ட் பிடி இறுகியது. அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். அப்படிப்பட்டவரிடம்தான், பிரிவினையில் லாகூரைப் பறிகொடுத்த பஞ்சாபுக்குச் சண்டிகர் என்ற புதுத் தலைநகர் வரையும் வேலை வந்தது. உயிரைக் கொடுத்து உழைக்காமல் என்ன செய்வார்?

அரியலூர்க்காரர்கள் சிரிக்கலாம். வெட்டவெளியில் தலைநகர் எழுப்புவது கங்கைகொண்ட சோழபுரம் கண்ட ஊருக்குப் புதிதா என்ன! ஆனால் ராஜேந்திர சோழன் வென்றுவிட்டுக் கட்டினான். பஞ்சாப் இழந்துவிட்டுக் கட்டியது.

நகரத் திட்டம் ஆல்பர்ட் மேயருடையது. கட்டடங்களுக்கு உருவம் தருவது நோவிட்ஸ்கியின் பொறுப்பு. மொத்த நகரத்தையுமே ஓர் இலையாக வரைந்து பார்த்தார் அவர். நரம்புகளெல்லாம் சாலைகள்.

நள்ளிரவுக்குச் சற்று முன் விமானம் எழும்பியது.

கொஞ்ச நேரம்தான். ஓர் இன்ஜினில் தீ.

விமானி கெய்ரோவை நோக்கித் திருப்பினார்.

எட்டவில்லை.

55 பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

பிற்பாடு, பாக்தாத் நகருக்கே முழுத் திட்டம் வரைந்தார்கள் கிராக்கோவிலிருந்து வந்த போலந்துக் கட்டடக் கலைஞர்கள். அது தனித் தொடருக்கான கதை. இந்தப் போலந்துக்காரருக்கோ அரபு மண் தந்தது இவ்வளவுதான்.

சண்டிகருக்கு இப்போது யார்? நிர்வாகி பி.என். தாப்பரும் தலைமைப் பொறியாளர் பி.எல். வர்மாவும் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார்கள். டாலரில் சம்பளம் கொடுக்க அரசிடம் வசதியில்லை. வருகிறவர் பஞ்சாபிலேயே தங்கி வேலை பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. நியாயமான நிபந்தனைதான். ஆனால் பெரிய கலைஞர் எவர் இதற்கு மசிவார்?

லண்டனில் கட்டடக் கலைஞர்கள் மாக்ஸ்வெல் ஃப்ரையும் ஜேன் ட்ரூவும் இருந்தார்கள். பாரிஸில், செவ்ர் தெரு 35ஆம் எண்ணில், ஒரு கிழச் சிங்கம் இருந்தது. லெ கொர்புசியே. ஐ.நா. கட்டடத்தின் பெருமையைத் தன்னிடமிருந்து தட்டிப் பறித்துவிட்டார்கள் என்று பொருமிக்கொண்டிருந்தவர். ஒரு முழு நகரத்தைக் கட்டும் வாய்ப்புக்காக வாழ்நாளெல்லாம் ஏங்கியவர்.

அவர் முன்னால் போய் உட்கார்ந்து, அந்த நிபந்தனையைச் சொன்னார்கள்.

பஞ்சாபுக்கு வந்து தங்க வேண்டும்.

அவர் சொன்ன பதிலில் இரண்டு அதிகாரிகளும் திகைத்துப் போனார்கள்.

(அடுத்த வாரம்)