முத்துக் கடலும் காவற் கோடும்

சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் சீனர் மருந்துக் கடைகளில், கருகிய கட்டைத் துண்டுபோல் உலர்ந்து கிடக்கும் பண்டமொன்றை நம்மவர் பலர் கண்டிருப்பர். அது கடல் அட்டை. சீனர் விருந்தில் அதற்கு உயர்ந்த மதிப்புண்டு. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடாவில், நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக மூழ்கியெடுத்து, அவித்து, உலர்த்திக் கீழ்த்திசைக்கு அனுப்பிவந்த பொருள்களுள் அதுவும் ஒன்று. 2001-ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார், புலியையும் யானையையும் வைத்திருந்த அதே முதல் அட்டவணையில் கடல் அட்டையையும் சேர்த்தனர். அன்று முதல் அதை எடுப்பது குற்றமாயிற்று. அதே கடலின் மறுகரையாகிய இலங்கையிலோ, அனுமதிச் சீட்டுப் பெற்றவன் அதை எடுக்கலாம், விற்கலாம். இக்கரையில் குற்றவாளி, அக்கரையில் வியாபாரி! அட்டைக்கு எல்லைக்கோடு தெரியுமா?

இவ்வளைகுடாவுக்குக் காவல் புதிதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய ‘பெரிப்புளூஸ்’ என்னும் நூல், பாண்டியனது கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளே முத்துக் குளித்தனர் என்று கூறுகின்றது. நமது புலவர்கள் கொற்கை முத்தின் ஒளியை வியந்து பாடினர். அம்முத்தை எடுத்தவனது மூச்சைப் பற்றி ஓர் அந்நியனே குறித்து வைத்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், மந்திரத்தால் பெருமீன்களின் வாயைக் கட்டிய பிராமணர்க்கு இருபதில் ஒரு பங்கும் சென்றதாக எழுதியுள்ளான். அம்மந்திரம் பகலில் மட்டுமே பலிக்குமாம்! இரவில் கட்டு அவிழ்த்து விடப்படுமாம். எவரும் திருட்டுத்தனமாக இரவில் குளிக்காதிருக்க இது நல்ல உபாயமே. சுறா வாய் கட்டுவோன் வெள்ளையர் காலத்திலும் ஒழிந்தானில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் ‘கடல் கட்டி’ என்ற பெயரால் அவனுக்குச் சிப்பியில் பங்கு கிடைத்து வந்தது.

பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர், 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், பின்னர் இங்கிலீஷார் என எசமானர் மாறினர். பார்களைச் சோதிப்பதும், குளிப்புக்கு நாள் குறிப்பதும், காவற் படகு நிறுத்துவதும் மாறவில்லை. இங்கிலீஷார் காலத்தில், கரைக்கு வந்த சிப்பியை மூன்று குவியலாகப் பிரித்து, இரண்டைச் சர்க்கார் கொள்ள, ஒன்றே குளித்தவனுக்கு விடப்பட்டது. பரதவர் குலத்தின் சாதித் தலைவருக்குத் தனிச் சலுகைகள் இருந்தன. சாதாரணக் குளிப்பாளிக்கு இருந்தது அவன் நெஞ்சுக்குள் அடக்கிய காற்றே. தூத்துக்குடியில் கடைசி முத்துக் குளிப்பு 1961-இல் நடந்தது.

அதன்பின் வந்த அழிவு முன்னில்லாதது. இயந்திர விசைப்படகுகள் இழுவலைகளால் கடலின் அடித்தரையையே வாரின. சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்குமாகப் பவளப்பாறையை உடைத்துத் தோணி தோணியாகக் கரையேற்றினர். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருக்குள் மறைந்தே போயின. பாறையை உடைத்தவர்களும் கரையோரத்து ஏழைகள்தாம், மறுப்பதற்கில்லை. ஆயினும் பாரம் சுமப்போன் ஒருவன், இலாபம் எண்ணுவோன் வேறொருவன் என்பது தோட்டத்து வாசகர்க்கு நான் விளக்கவேண்டிய செய்தியன்று.

ஆகவே 1986-இல் 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல் தேசியப் பூங்காவாகச் சர்க்கார் அறிவித்ததைக் குறைகூற நான் முற்படேன். பாறை அழிந்தால் மீனுக்குக் குஞ்சு பொரிக்க இடமில்லை; ஆவுளியா எனப்படும் கடற்பசுவோ கடற்புல்லின்றி வாழாது. சட்டம் வேண்டியதே. ஆனால் கோடு கிழித்த விதம் எத்தகையது? பாண்டியனும் ஒல்லாந்தனும் வருமானத்துக்காகக் கிழித்தனர். இவர்கள் உயிர்களைக் காக்கக் கிழித்தனர். நோக்கம் உயர்ந்ததே, முறையோ பழையதே. நாட்டுப்படகுக்காரனையும் பாறையைத் தகர்த்தவனையும் ஒரே சட்டம் ஒரே விதமாக நோக்கிற்று.

இதன் சுமை பெரிதும் பெண்கள் தலையில் விழுந்தது. பாம்பன், சின்னப்பாலம் முதலிய ஊர்களின் பெண்கள், தீவுகளைச் சுற்றிய ஆழமற்ற நீரில் மூழ்கிப் பாசி பறிப்பவர்கள். மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் என்னும் கடற்பாசிக் கூழும், கட்டக்கோரையிலிருந்து ஆலைகளுக்கு வேண்டிய பசைப் பொருளும் எடுக்கப்படுகின்றன. பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, ஒரே மூச்சில் மூழ்கி, கையாற் பறித்து, இடுப்பிற் கட்டிய பையில் நிரப்புவர். பூங்காக் காவல் கடுமையான பிறகு இவர்கள் தாய்மார் தொழில் செய்த இடத்திலேயே அத்துமீறியோர் ஆயினர். அகப்பட்டால் பாசியும் போகும், அபராதமும் வரும்.

அவர்கள் அழுதுகொண்டு வீட்டிலிருந்தார்களில்லை. கூட்டமைப்பு ஒன்றை ஏற்படுத்தி, அதிகாரிகளோடு வாதாடினர். மாதத்தில் 12 நாள் மட்டுமே பறிப்பது என்று தாமே வரையறுத்துக்கொண்டனர். பள்ளிப் படிப்பு அதிகமில்லாத இப்பெண்கள், பாசி வளர அவகாசம் வேண்டுமென்பதை எவரிடமும் கற்கவேண்டியிருக்கவில்லை. அடுத்த மாதமும் அதே பாறைக்குத்தானே போகவேண்டும்! இவ்வியக்கத்தை முன்னின்று நடத்திய சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015-இல் அமெரிக்காவின் சீக்காலஜி நிறுவனம் தன் பரிசை அளித்தது. பெண் பேச்சு அம்பலம் ஏறாது என்று பழமை பேசுவோர் இதனைக் கவனிப்பாராக.

2022-இல் பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி, 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுவுக்கெனத் தமிழ்நாட்டு சர்க்கார் ஒதுக்கினர். வலையில் சிக்கிய கடற்பசுவை, வலையை அறுத்து விடுவித்த மீனவர்க்கு அக்கரையில் பாராட்டும் வெகுமதியும் வழங்கப்பட்டிருக்கின்றன. பிடிபடுவோனாக மட்டுமன்றி, காப்போனாகவும் மீனவனைக் கருதும் வழக்கம் அங்கே தலைகாட்டியிருக்கிறது. பாசி பறிக்கும் பெண்களின் 12 நாள் விதியோ அவர்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. அவர்கள் மூழ்கும் பாறைகள் 1986-இல் கிழித்த கோட்டுக்கு உள்ளேதான் இருக்கின்றன.