முகவரி மாறினால் வழி சொல்லிவிட்டுப் போக வேண்டும்

கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி உறவுகளே! கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

நம் பாடசாலை, கோயில், பள்ளிவாசல், கழகம் என்று ஆசையாகத் தொடங்கிய இணையத்தளங்கள் சில இன்று திறப்பதில்லை. 404 என்ற எண்தான் வருகிறது. ஊர் வரலாறு தேடும் பிள்ளைகளுக்கு நாம் எழுதியது கிடைக்காமல், ஊரை அறியாதவர் எழுதியது முதலில் வந்து நிற்கிறது. ஏன் இப்படி?

1924 இல் கட்டிய லேடி மனிங் பாலத்தை நாம் அறிவோம். 2013 இல் அதன் பக்கத்தில் புதிய பாலம் திறந்தபோது வீதியையும் அதோடு இணைத்தார்கள். கல்முனையிலிருந்து வந்த பஸ் எதுவும் வழி தெரியாமல் நிற்கவில்லை. இணையத்தில் அந்த வேலையைச் செய்வதுதான் வழிமாற்றம்.

1996 இல் வெளியான எச்டிடிபி விதிகளிலேயே இதற்கு எண்கள் இருந்தன. 301 என்றால் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது. 302 என்றால் தற்காலிகமாக. 404 என்றால் அப்படி ஒரு பக்கம் இல்லை. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, நல்ல முகவரி மாறக்கூடாது என்று 1998 இலேயே எழுதினார்.

அதே 1998 இல் கூகுள் வந்தது. ஒரு பக்கத்துக்குப் பிறர் தரும் இணைப்பை அதற்கான சிபாரிசாக அது எடுத்துக்கொண்டது. அந்தச் சிபாரிசு முகவரியின் பேரில்தான் சேரும். வழி சொல்லாமல் முகவரியை மாற்றினால் பல வருடம் சேர்த்த மதிப்பு பழைய இடத்திலேயே கிடந்து வீணாகும். திரும்பத் திரும்ப வந்தும் 404 தான் என்றால், அந்தப் பக்கத்தைக் கூகுள் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். ஆனால் ஒரு பக்கம் போனதற்காக மற்றப் பக்கங்களைத் தண்டிப்பதில்லை.

2009 ஒக்டோபரில் யாகூ தன் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியது. சாதாரண மக்கள் இலவசமாகக் கட்டிய இலட்சக்கணக்கான பக்கங்கள் அதோடு போயின. தன்னார்வலர்கள் பிரதி எடுத்ததால்தான் ஒரு பகுதி மிஞ்சியது.

301 போட்டாலும் மதிப்பில் கொஞ்சம் குறையும் என்ற பேச்சு நெடுங்காலம் இருந்தது. இனிக் குறையாது என்று 2016 இல் கூகுளின் கேரி இல்லியஸ் அறிவித்தார். ஆகவே இடம் மாறப் பயப்படத் தேவையில்லை.

நம்மவர்களிடமே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல் ஒவ்வொன்றுக்கும் ஒரு நூலக எண் கொடுத்துப் பாதுகாக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகள் பல அதற்கு இணைப்புக் கொடுக்கின்றன.

நாம் செய்ய வேண்டியவை சில. தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய பக்கம் ஒவ்வொன்றையும் அதற்குரிய புதிய பக்கத்துக்கே திருப்புங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால் கூகுள் அதை இல்லாத பக்கமாகவே கணக்கிடும். வழிமாற்றத்தைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருங்கள். முகவரியின் பதிவும் கடவுச்சொல்லும் நிர்வாகத்தின் கையில் இருக்கட்டும். தளம் செய்து தந்த தம்பி கட்டாருக்குப் போனால் தளமும் அவரோடு போய்விடக் கூடாது.

உங்கள் நிறுவனத்தின் பழைய முகவரியை இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள். 404 வந்தால் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். நம் ஊரின் கதையை நம் பிள்ளைகள் நம்மிடமிருந்தே படிக்கட்டும்.