முறைப்பாட்டை எங்கே கொடுப்பது?

பத்திரிகை அலுவலகத்துக்கு வருபவர்களில் ஒரு வகையினரைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். கையில் ஒரு பொலித்தீன் பை இருக்கும். அதற்குள் மடிப்புகளில் கிழியத் தொடங்கிய போட்டோப் பிரதிகள், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் எழுதிய துண்டு, பதிவுத் தபால் சிட்டை, "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது" என்ற ஒற்றை வரிப் பதில் என்பன இருக்கும். இப்படியான பைகள் பலவற்றை நான் பொறுமையாகப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். முறைப்பாடு கொடுக்கப்பட்டதற்கான சான்று அவற்றில் நிறைய உண்டு. அது விசாரிக்கப்பட்டதற்கான சான்றைத்தான் நான் கண்டது மிகக் குறைவு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் காவல் நிறுவனமான புரொன்டெக்ஸ் பற்றிய ஆவணங்களை அண்மையில் வாசித்தபோது அந்தப் பைகளே நினைவுக்கு வந்தன. எல்லையில் அகதியின் உரிமை மீறப்பட்டால் அவர் யாரிடம் முறையிடுவது என்ற கேள்விக்கு, சட்டத்தின் ஆட்சியைப் பற்றி உலகுக்கே வகுப்பெடுக்கும் ஐரோப்பா எத்தனை ஆண்டுகளாக விடை தேடியது என்பது சொல்லப்பட வேண்டிய கதை.

அக்கதையின் முற்பகுதியில் எம்மவரும் இருக்கிறார்கள். 1987இல் பிரித்தானியாவில் தஞ்சம் கோரிய ஐந்து தமிழ் இளைஞர்களின் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டு, 1988 பெப்ரவரியில் அவர்கள் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். மேன்முறையீடு செய்யும் உரிமை அவர்களுக்கு இருந்தது; ஆனால் நாட்டை விட்டு வெளியேறிய பின்னரே அதனைப் பயன்படுத்த முடியும் என்பதே அன்றைய பிரித்தானியச் சட்டம். அதாவது, எந்த நாட்டில் உயிருக்கு ஆபத்து என்று சொல்கிறீர்களோ அந்த நாட்டில் இருந்துகொண்டே வழக்காடுங்கள் என்பதாகும். அவ்வாறே வழக்காடி, 1989இல் வெற்றியும் பெற்று, அவர்கள் பிரித்தானியாவுக்குத் திரும்பினர். ஆயினும் ஸ்ட்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1991 ஒக்டோபர் 30ஆம் திகதி அளித்த தீர்ப்பில், அவர்களுடைய உரிமை மீறப்படவில்லை என்றே கூறியது. பயனுள்ள பரிகாரத்தைப் பெறும் உரிமையை உறுதிசெய்யும் 13ஆம் உறுப்புரை குறித்து ஏழு நீதியரசர்கள் அரசாங்கத்தின் பக்கமும் இருவர் எதிர்ப்பக்கமும் நின்றனர். பிரித்தானிய நீதிமன்றங்களின் நீதிமுறை மீளாய்வே போதுமான பரிகாரம் என்பது பெரும்பான்மையினரின் முடிவு. அத்தீர்ப்பை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் என் மனம் அந்த இருவரின் பக்கமே சாய்கிறது.

புரொன்டெக்ஸ் அப்போது பிறந்திருக்கவில்லை. 2004ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியொன்றின்கீழ் உருவாக்கப்பட்டு, போலந்தின் வார்சோ நகரில் 2005இல் அது இயங்கத் தொடங்கியது. முதலாண்டில் அதன் செலவுத்திட்டம் சுமார் 60 இலட்சம் யூரோ மாத்திரமே. 2020களில் அது 70 கோடி யூரோவைத் தாண்டிவிட்டது. ஆனால் பணமும் கப்பல்களும் விமானங்களும் பெருகிய வேகத்தில் முறைப்பாட்டுக்கான வழி பெருகவில்லை. முதல் பத்தாண்டுக்கு மேலாக அப்படியொரு வழியே அந்நிறுவனத்தில் இருக்கவில்லை.

இடையில் 2009 மே 6ஆம் திகதி லம்பெடுசா தீவுக்குத் தெற்கே 35 கடல் மைல் தொலைவில் மூன்று படகுகளை இத்தாலியக் கப்பல்கள் இடைமறித்தன. அவற்றில் இருந்த சுமார் 200 பேர் கப்பல்களில் ஏற்றப்பட்டு, எங்கே போகிறோம் என்பது சொல்லப்படாமலே திரிப்போலித் துறைமுகத்தில் லிபிய அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களில் 24 பேர், சோமாலியரும் எரித்திரியரும், தொடுத்த வழக்கில் 2012 பெப்ரவரி 23ஆம் திகதி ஸ்ட்ராஸ்பேர்க் நீதிமன்றம் இத்தாலியைக் குற்றவாளியாகக் கண்டது. இம்முறை 13ஆம் உறுப்புரையும் மீறப்பட்டதென்றது தீர்ப்பு. நடுக்கடலில் கப்பலின் தட்டில் நிற்பவனுக்கும் முறையிடும் உரிமை உண்டென்பது அத்தோடு சட்டமாயிற்று. அந்த இடைமறிப்பு இத்தாலி தனது கப்பல்களால் செய்தது. ஆகவே இத்தாலியை நீதிமன்றத்துக்கு இழுக்க முடிந்தது. பல நாடுகளின் அதிகாரிகள் ஒரு பொது நிறுவனத்தின் கைப்பட்டியை அணிந்து வேலை செய்யும்போது யாரை இழுப்பது?

அவ்வாண்டு மார்ச்சில் ஐரோப்பிய ஒம்புட்ஸ்மன் அலுவலகம் தானாகவே ஒரு விசாரணையை ஆரம்பித்தது. பதவிக்குப் புதிதாக வந்திருந்த எமிலி ஒ'ரைலி 2013 நவம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு விசேட அறிக்கையொன்றைச் சமர்ப்பித்தார். பாதிக்கப்பட்டவர் நேரடியாக முறையிடுவதற்கு ஒரு பொறிமுறையைப் புரொன்டெக்ஸ் ஏற்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். (இவரும் எமது தொழிலிலிருந்து அப்பதவிக்குப் போனவர்; அயர்லாந்தில் அரசியல் செய்தியாளராக இருந்தவர்.) ஏனைய பரிந்துரைகளைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட நிறுவனம் இதை மட்டும் மறுத்தது. தனிப்பட்ட சம்பவங்களுக்கு உறுப்பு நாடுகளே பொறுப்பு, தாம் ஒருங்கிணைப்பதோடு சரி என்றது.

இதை வாசிக்கும்போது எமது நாட்டுக் கதையொன்றும் நினைவுக்கு வரும். 1981ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் ஒம்புட்ஸ்மனை உருவாக்கியபோது, பொதுமகன் அவரிடம் நேரே போக முடியாது. நாடாளுமன்ற உறுப்பினர் ஊடாக மனுக் குழுவுக்குச் சென்று, அங்கிருந்தே முறைப்பாடு அவரை வந்தடைய வேண்டும். அந்த வாசலை நேரடியாகத் திறக்க 1994 வரை காத்திருக்க நேர்ந்தது. முறைப்பாட்டுக்கு இடம் கொடுத்துவிட்டு அதற்குப் போகும் பாதையில் முள்ளுக் கம்பி போடுவது எமக்கு மட்டும் உரிய பழக்கமல்ல என்பதில் ஒரு அற்ப ஆறுதல்.

2015இல் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் கடல் வழியே ஐரோப்பாவை அடைந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் திகதி நாடாளுமன்றம் ஒம்புட்ஸ்மனின் பக்கம் நின்று தீர்மானம் நிறைவேற்றியது. மறுவருடம் வந்த புதிய ஒழுங்குவிதியின் 72ஆம் உறுப்புரை முறைப்பாட்டுப் பொறிமுறையை நிறுவியது. அது நடைமுறைக்கு வந்த நாள் 2016 ஒக்டோபர் 6.

மூன்று நாட்களின் பின்னர் கிரேக்கத் தீவான மிலோசில் ஒரு சிரியக் குர்திஷ் குடும்பம் வந்திறங்கியது. தாய், தந்தை, ஒரு வயதிலிருந்து ஏழு வயது வரையான நான்கு பிள்ளைகள். தஞ்சம் கோர விரும்புவதாக அவர்கள் தெரிவித்திருந்தனர். ஒக்டோபர் 20ஆம் திகதி கிரேக்கமும் புரொன்டெக்ஸும் சேர்ந்து இயக்கிய விமானத்தில் ஏற்றப்பட்டுத் துருக்கியின் அதானாவுக்கு அனுப்பப்பட்டனர். ஏதென்ஸுக்குப் போவதாகவே தம்மிடம் சொல்லப்பட்டது என்றும், விமானத்தில் பிள்ளைகள் தம்மிடமிருந்து பிரித்து அமர்த்தப்பட்டனர் என்றும் பெற்றோர் பின்னர் கூறினர். துருக்கியிலும் அச்சத்தோடு இருக்க முடியாமல் குடும்பம் ஈராக்குக்குப் போய்ச் சேர்ந்தது.

2017 ஜனவரியில் அவர்கள் புதிய பொறிமுறையின்கீழ் முறைப்பாடு செய்தனர். அது இயங்கிய விதம் இதுதான். முறைப்பாடு நிறுவனத்தின் அடிப்படை உரிமைகள் அலுவலரிடம் போகும். ஏற்கத்தக்கதா என்பதை மாத்திரமே அவர் தீர்மானிப்பார். நிறுவன ஊழியர் மீதான முறைப்பாடு நிறைவேற்றுப் பணிப்பாளருக்கும், உறுப்பு நாட்டு அதிகாரி மீதானது அந்நாட்டுக்கும் அனுப்பப்படும். குற்றஞ்சாட்டப்பட்டவரின் மேலதிகாரியே விசாரணையாளர். பெயரில்லாத முறைப்பாடுகள் ஏற்கப்படவில்லை. இந்தக் குடும்பத்தின் முறைப்பாடு கிரேக்கத்துக்கு அனுப்பப்பட்டது. இறுதி முடிவு 2020 ஒக்டோபரில் கிடைத்தது, அதாவது மூன்றே முக்கால் ஆண்டுகளின் பின்னர்.

ஒம்புட்ஸ்மன் 2021இல் மீண்டும் ஆராய்ந்தபோது வெளிவந்த கணக்கு எனக்கு வியப்பைத் தரவில்லை. 2016 முதல் 2021 ஜனவரி வரை வந்த முறைப்பாடுகள் 69. ஏற்கத்தக்கவை 22. ஏஜியன் கடலில் படகுகள் திருப்பித் தள்ளப்பட்டபோது புரொன்டெக்ஸ் அருகில் இருந்தது என்பதைப் பல ஊடக நிறுவனங்கள் 2020 ஒக்டோபரில் கூட்டாக அம்பலப்படுத்தியிருந்தன. அதே காலத்தின் முறைப்பாட்டுப் புத்தகம் ஏறத்தாழ வெறுமையாக இருந்தது. 2020 டிசம்பர் 5ஆம் திகதிக்குள் குறைந்தது 40 உரிமைக் கண்காணிப்பாளர்களை நியமிக்க வேண்டுமென்று 2019இன் திருத்திய ஒழுங்குவிதி விதித்திருந்தது. திகதி கடந்தும் அவர்கள் நியமிக்கப்படவில்லை. ஒன்றியத்தின் மோசடி ஒழிப்பு அலுவலகத்தின் விசாரணையைத் தொடர்ந்து பணிப்பாளர் பப்ரிஸ் லெஜெரி 2022 ஏப்ரலில் பதவி விலகினார். இரண்டு ஆண்டுகளில் பிரான்ஸின் தீவிர வலதுசாரிக் கட்சிப் பட்டியலில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரானார்.

குர்திஷ் குடும்பம் லக்சம்பேர்க்கிலுள்ள ஒன்றியத்தின் பொது நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தது. 2023 செப்டெம்பர் 6ஆம் திகதி வழக்குத் தள்ளுபடியானது. திருப்பியனுப்பும் முடிவை எடுப்பது உறுப்பு நாடு, நிறுவனம் தொழில்நுட்ப உதவியை மாத்திரமே வழங்குகிறது என்றது தீர்ப்பு. பத்தாண்டுகளுக்கு முன் ஒம்புட்ஸ்மனுக்கு நிறுவனம் சொன்ன அதே வாதம்! குடும்பம் மேன்முறையீடு செய்தது. 2025 டிசம்பரில் ஒன்றியத்தின் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, வழக்கை மீண்டும் பொது நீதிமன்றத்துக்கே அனுப்பியது. விமானத்தில் ஏற்றப்பட்டபோது ஒரு வயதாயிருந்த அந்தப் பிள்ளைக்கு அப்போது வயது பத்து.