59 நாள்கள்

தாதரில் நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர், சென்ற வாரம் தம் பழைய கணினியைப் பார்க்கச் சொன்னார். விண்டோஸ் 7. அப்டேட் எனப்படும் இற்றைப்படுத்தலை, விற்ற அன்றே கடைக்காரர் நிறுத்திவிட்டாராம். உரிமமில்லாப் படி என்பதே காரணம். மும்பையில் இவ்வழக்கம் புதிதன்று.

தொடக்கக் காலக் கணினிகள் துளையிட்ட தாள்நாடாவைப் படித்து இயங்கின. தவறான துளையின்மேல் தாள்துண்டு ஒட்டித் திருத்தினர். திருத்த நிரலை ஆங்கிலத்தில் 'பேட்ச்' என்பது அதனால்தான். தமிழில் 'ஒட்டு' எனலாம். கிழிந்த வேட்டிக்குப் போடுவதும் அதுவே.

ஒட்டு வெளிவருவதற்கும் அது வீட்டுக் கணினியை அடைவதற்கும் இடைப்பட்ட காலமே இவ்வரலாற்றின் மையம். 2003 ஜூலை 16 அன்று மைக்ரோசாஃப்ட் ஓர் ஒட்டை வெளியிட்டது. அதே ஓட்டையின் வழியே ஆகஸ்ட் 11 அன்று பிளாஸ்டர் புழு பரவியது. அவ்வாண்டு அக்டோபர் முதல், மாதத்தின் இரண்டாம் செவ்வாய் ஒட்டு வெளியிடும் நாளாயிற்று.

2017இல் நிகழ்ந்தது இன்னும் கசப்பானது. விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையிலிருந்த ஓட்டைக்கு மார்ச் 14 அன்றே ஒட்டு வந்துவிட்டது. அதே ஓட்டையைப் பயன்படுத்தும் அமெரிக்க உளவு நிறுவனத்தின் கருவி ஏப்ரலில் கசிந்தது. மே 12 அன்று வன்னாகிரை கோப்புகளைப் பூட்டிப் பணயத்தொகை கேட்டது. இடையில் 59 நாள்கள். கேரளத்தின் வயநாட்டில் ஓர் ஊராட்சி அலுவலகம்கூடத் தப்பவில்லை. காலாவதியான எக்ஸ்பியே காரணமெனப் பலர் எழுதினர்; தாக்குண்டவற்றுள் மிகப் பெரும்பான்மை விண்டோஸ் 7, அதாவது ஒட்டு கையெட்டும் தொலைவிலிருந்த கணினிகள்.

ஜூன் 27 அன்று அதே ஓட்டை நம் துறைமுகத்துக்கே வந்தது. நாட்பெட்யாவால், நவாசேவாவின் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் குழுமம் இயக்கிய முனையம் முடங்கிற்று. ஆனால் ஒன்றை மறைக்கலாகாது: நாட்பெட்யா முதலில் பரவியது, உக்ரைனியக் கணக்கியல் மென்பொருள் ஒன்றின் இற்றைப்படுத்தல் வழியாக. உள்ளே நுழைந்தபின் கடவுச்சொற்களைத் திருடி, ஒட்டுப்போட்ட கணினிகளையும் வீழ்த்தியது. ஆகவே இற்றைப்படுத்தலை அஞ்சுவோரைப் பேதையர் என்று ஒதுக்கிவிட இயலாது. எனினும் அந்த அச்சத்தின் விலை, அவ்வாண்டின் கணக்கில் மிக அதிகம்.

விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. அதன்பின் கண்டறியப்படும் ஓட்டைகளுக்கு அக்கணினியில் ஒட்டு இல்லை. பெரியவரிடம் இதைச் சொன்னேன். மகள் திருமணப் படங்கள் அதில்தான் இருக்கின்றன என்றார். முதலில் இணைய இணைப்பைத் துண்டித்தோம். பிறகு படங்களை வெளிவட்டில் படியெடுக்கத் தொடங்கினோம்.