பிறர் சான்றால் உட்புகும் முறை

இணையச் செயலி ஒன்றினுள் நுழைபவர் இன்னார் என்பதற்கு வேறொரு நிறுவனம் சான்று கூறும் முறை இன்று பெருவழக்காயுள்ளது. கூகுள், ஃபேஸ்புக் முதலியவற்றின் பொத்தான்களை அறியாதார் இலர். எனினும், இம்முறை தோன்றிய காரணத்தை அறிந்தோர் சிலரே.

2007-க்கு முன்னர், நண்பர்களின் முகவரிகளைத் திரட்டித் தருவதாகக் கூறிய தளங்கள் பல, பயனரின் மின்னஞ்சற் கடவுச்சொல்லையே கேட்டன, மக்களும் கொடுத்தனர்! ஒரு பிடி அரிசி எடுப்பதற்குக் களஞ்சியச் சாவியையே அயலான் கையில் ஒப்படைத்தது போன்றதாம் இது.

2005-இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் என்பார் வகுத்த 'ஓப்பன்ஐடி', ஆளை அடையாளங்காட்ட உதவிற்று. ஒருவருடைய தரவைப் பிறிதொரு செயலி எடுத்தாள இசைவு வழங்க உதவவில்லை. டுவிட்டரிற் பணியாற்றிய பிளேன் குக் முதலியோர் இக்குறையைக் கண்டனர். அதன் பயனாக 2007 டிசம்பரில் 'ஓஆத்' வெளிவந்தது. கடவுச்சொல்லுக்கு ஈடாக, வேண்டாதபோது செல்லாதாக்கத்தக்க 'டோக்கன்' என்னும் சீட்டை அது தந்தது.

2012 அக்டோபரில் இரண்டாம் பதிப்பு வெளியாயிற்று. அதன் முதன்மையாசிரியராயிருந்த எரன் ஹேமரோ, முன்னதினும் பாதுகாப்புக் குறைந்ததெனக் கூறி, அவ்வாண்டு ஜூலையிலேயே தம் பெயரை நீக்கிக்கொண்டார்.

இதற்கிடையில் செயலி அமைப்போர் பலர் ஒரு பிழை செய்தனர். இசைவுச் சீட்டையே ஆளடையாளமாகக் கொண்டனர். சீட்டைக் கொண்டுவந்தவன் அதற்குரியவன்தானா? ஒரு செயலிக்கு வழங்கிய டோக்கனை மற்றொன்றில் நீட்டிப் பிறர் பெயரில் நுழைய வழி ஏற்பட்டது. 2014 பிப்ரவரியில் வெளிவந்த 'ஓப்பன்ஐடி கனெக்ட்' இதற்கு மாற்றுக் கண்டது. வழங்கியவர் யார், பயனர் யார், எச்செயலிக்கு உரியது என்பன அதன் அடையாளச் சீட்டில் பொறிக்கப்பட்டுக் கையொப்பமும் இடப்படும். பெறும் செயலி அவற்றைச் சரிபாராது விடுமாயின், பழைய ஓட்டை அப்படியே இருக்கும்.