தானாக மீளத் தொடங்கும் வீட்டுக் கணனி: முதலில் கோப்புகள், பிறகு கோளாறு

வேலை செய்துகொண்டிருக்கும்போதே திரை கறுத்து, கணனி தானாக நின்று மீண்டும் தொடங்குவது பல வீடுகளில் ஏற்படும் கோளாறு. தூசு, வெப்பம், பழுதான பவர் சப்ளை, சரியாகப் பொருந்தாத நினைவகம் போன்றவையே பெரும்பாலும் இதற்குக் காரணம். இவை எல்லாம் திருத்தக்கூடியவை.

திருத்த முடியாதது கோப்புகளின் இழப்பு. இடப்பெயர்வுகளில் அல்பங்களையும் ஆவணங்களையும் பறிகொடுத்த குடும்பங்கள் பல, எஞ்சியவற்றை உறவினர்களிடம் பெற்று ஸ்கான் செய்து கணனியில் வைத்திருக்கின்றன. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், காணாமல் ஆக்கப்பட்டவரின் படம், கொடுத்த முறைப்பாட்டின் பிரதி ஆகியவை அந்த ஒரு கணனியில் மட்டுமே இருக்கலாம். எனவே திருத்த வேலையைத் தொடங்கும் முன் கோப்புகளைக் காப்பாற்றுங்கள்.

கோப்புகளைப் பிரதி எடுத்தல்

கணனி சில நிமிடங்களாவது ஓடுமானால், முக்கியமான கோப்புகளைச் சிறிது சிறிதாக பென் டிரைவில் பிரதி செய்யுங்கள். ஓடவே மறுத்தால், வன்தட்டைக் கழற்றி யூஎஸ்பி உறையில் இட்டு வேறொரு கணனியில் இணைத்துப் பிரதி எடுக்கலாம். பிட்லொக்கர் பூட்டு இடப்பட்டிருந்தால் அதற்குரிய 48 இலக்க மீட்புக் குறியீடு தேவைப்படும். வன்தட்டில் 'டிக் டிக்' என்ற சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். மீண்டும் மீண்டும் இயக்குவது சேதத்தைக் கூட்டும். பிரதிகளில் ஒன்று வேறொரு வீட்டில் இருப்பது நல்லது.

எப்போது நிற்கிறது?

கணனி நிற்கும் நேரத்தையும் அப்போது செய்த வேலையையும் சில நாட்கள் ஒரு தாளில் குறித்து வாருங்கள். காரணத்தை நெருங்க இதுவே சுருக்கமான வழி.

இயக்கிய சில விநாடிகளிலேயே நின்றால் பவர் சப்ளை, நினைவகம் அல்லது உள்ளே சிக்கிக்கொண்ட பவர் பொத்தானைச் சந்தேகிக்கலாம். சிறிது நேரம் ஓடிய பின்போ, வீடியோ, விளையாட்டு போன்ற பாரமான வேலையின்போதோ நின்றால் வெப்பம் அல்லது பவர் சப்ளை காரணமாகலாம். தண்ணீர் மோட்டரோ குளிர்சாதனப் பெட்டியோ இயங்கத் தொடங்கும்போது நின்றால், அந்தக் கணத்தில் மின்னழுத்தம் குறைகிறது. ஒரு மென்பொருளைத் திறக்கும்போது மட்டும் நின்றால் அந்த மென்பொருளையோ அது பயன்படுத்தும் டிரைவரையோ பாருங்கள்.

விண்டோஸ் சொல்வதைக் கேட்டல்

பிழை ஏற்பட்டதும் உடனே மீளத் தொடங்கும்படியே விண்டோஸ் அமைக்கப்பட்டிருக்கும். அதனால் நீலத் திரையில் வரும் செய்தியை வாசிக்க முடிவதில்லை. தேடல் பெட்டியில் 'அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ்' என்பதைத் தேடித் திறந்து, 'ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி' பகுதியில் 'ஒட்டோமெட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதிலுள்ள அடையாளத்தை நீக்குங்கள். அடுத்த முறை நீலத் திரை நிலைத்து நிற்கும். அதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். நீலத் திரை வராமலே கணனி நின்றால் மின்சாரம் அல்லது வெப்பம் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

'ஈவன்ட் வியூவர்' பதிவேட்டில் 'சிஸ்டம்' பகுதியையும் பாருங்கள். அங்குள்ள 1074 என்ற இலக்கம், ஒரு மென்பொருளோ பாவனையாளரோ விண்டோஸ் அப்டேட்டோ கட்டளையிட்டு மீளத் தொடங்கியதைக் காட்டும். 41 என்ற இலக்கம் கணனி முறையாக மூடப்படாமல் நின்றதை மட்டுமே சொல்லும். அதை வைத்து எந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டாம்.

உள்ளே பார்த்தல்

பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திய பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும். காய்ந்த மென்மையான தூரிகையால் தூசை அகற்றுங்கள். விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி வேண்டாம். தாய்ப்பலகையில் உள்ள கொள்ளளவிகளின் தலை வீங்கியிருந்தால் அந்தப் பலகை பழுதாகி வருகிறது.

பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்ட பிறகு, ரேம் எனப்படும் நினைவகத் துண்டுகளைக் கழற்றி, கொளுவிகள் பூட்டும் வரை அழுத்தி மீண்டும் பொருத்துங்கள். இரண்டு துண்டுகள் இருந்தால் ஒவ்வொன்றாக வைத்து ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் கோளாறு வந்தால் பழுது எதில் என்பது தெரிந்துவிடும். 'விண்டோஸ் மெமரி டயக்னோஸ்டிக்' சோதனையும் இதற்கு உதவும்.

பவர் சப்ளையை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். பழைய பவர் சப்ளைகளின் பின்புறத்தில் 115, 230 என்ற சிவப்பு மாற்றி இருக்கும். நமது மின்சாரம் 230 வோல்ட். 115இல் வைத்தால் அது எரிந்துவிடும்.

யூபிஎஸ், இடி மின்னல்

பாதுகாப்புக்கென வாங்கிய யூபிஎஸ்ஸே சில வேளைகளில் கோளாறுக்குக் காரணமாகும். அதன் மின்கலம் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். அதன் பின், மின்சாரம் ஒரு கணம் தளும்பினாலும் கணனி நின்றுவிடும். கணனியை யூபிஎஸ்ஸில் இருந்து கழற்றி, ஒரு மின்குமிழையும் சிறிய மின்விசிறியையும் அதில் இணைத்து, சுவர்ப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அவை உடனே நின்றால் மின்கலத்தை மாற்ற வேண்டும்.

மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடி மின்னல் அதிகம். அந்த நேரங்களில் மின்பிளக்கை மட்டுமல்லாமல், இணைய இணைப்பு வயரையும் கழற்றி வைக்க வேண்டும்.

கடைக்குக் கொடுக்கும்போது

கடைகளில் இதற்குச் சொல்லப்படும் முதல் வைத்தியம் பெரும்பாலும் 'போர்மட்' செய்வதுதான். வெப்பம், பவர் சப்ளை, நினைவகம் ஆகியவற்றின் கோளாறு போர்மட் செய்வதால் தீராது. ஆனால் கோப்புகள் போய்விடும். ஆகவே, கேட்காமல் போர்மட் செய்யக்கூடாது என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வன்தட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மற்றப் பாகங்களைக் கொடுங்கள். நீங்கள் குறித்த நேரத் தாளையும் நீலத் திரையின் படத்தையும் திருத்துபவரிடம் காட்டினால், தேவையற்ற பாகங்களுக்குப் பணம் செலவாவதையும் தவிர்க்கலாம்.